ஓபன் வாட்டர் முடித்தாயிற்று, அடுத்து?

போன வருடம் அந்தமானின் ஹேவ்லாக் தீவில், ஸ்கூபா டைவிங்கின் முதல் கோர்ஸான ஓபன் வாட்டர் முடித்தேன். அதற்கப்புறம் கடலில் இறங்கவே இல்லை. வரும் ஜனவரியில் மறுபடி போகிறேன். போன கையோடு அடுத்த கோர்ஸான அட்வான்ஸ்டு முடித்துவிடலாமா? சான்று தரும் பயிற்சி நிறுவனங்களில் பி.ஏ.டி.ஐ. நல்லதா, எஸ்.எஸ்.ஐ. நல்லதா?
– வாசகி, திருச்சி

தாராளமாக முடிக்கலாம். ஆனால் போன கையோடு வேண்டாம் அம்மா. முதல் நாள் ரெஃப்ரெஷர், அதாவது பழைய பாடத்தை நினைவூட்டும் பயிற்சி, கேளுங்கள். மறுநாள் பத்துப் பன்னிரண்டு மீட்டரில், பாடம் எதுவும் இல்லாமல், நிதானமாக இரண்டு டைவ். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் இப்படித்தான் செய்வேன். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தாலே பதறுகிற நிலையில் 30 மீட்டர் ஆழத்துக்குப் போனால், அங்கே கற்றுக்கொள்ள மனசு இருக்காது.

எந்த நிறுவனத்தின் சான்று அட்டை என்பது பெரிய விஷயமில்லை, உலகம் முழுக்க இரண்டையும் ஏற்றுக்கொள்கிறார்கள். பெயரை மட்டும் கவனியுங்கள். பி.ஏ.டி.ஐ.யின் அட்வான்ஸ்டு ஓபன் வாட்டர் என்பது ஐந்து டைவ்: ஆழ டைவும் காம்பஸ் பார்த்து வழி கண்டுபிடிக்கும் டைவும் கட்டாயம், மற்ற மூன்று உங்கள் விருப்பம். ஓபன் வாட்டரில் செய்த நான்கையும் சேர்த்தால், ஒன்பதாவது டைவிலேயே ‘அட்வான்ஸ்டு’ என்று அட்டை வந்துவிடும். எஸ்.எஸ்.ஐ.யில் இதே மாதிரி ஐந்து டைவ் கோர்ஸுக்கு அட்வான்ஸ்டு அட்வென்ச்சரர் என்று பெயர். அவர்களுடைய அட்வான்ஸ்டு ஓபன் வாட்டர் டைவர் வேறு. அதற்கு ஒரே விஷயத்தை மட்டும் கற்றுத்தரும் ஸ்பெஷாலிட்டி கோர்ஸ் நான்கும் 24 டைவும் வேண்டும். இது தெரியாமல் விலையை மட்டும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

விருப்பம் மூன்றில் ஒன்று கண்டிப்பாக பாயன்சி (மிதப்பைக் கட்டுப்படுத்தும்) டைவாக இருக்கட்டும். அதையே முதல் டைவாக வைக்கச் சொல்லுங்கள். காரணம் காற்று. 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 80 லிட்டர் இழுப்பார். கையை வீசிக்கொண்டு மேலும் கீழும் அலைபவர் இன்னும் அதிகம் இழுப்பார். நேரமும் குறைவு: பி.ஏ.டி.ஐ. அட்டவணைப்படி டிகம்ப்ரெஷன் நிறுத்தம் (மேலே ஏறும் வழியில் நின்று காத்திருப்பது) இல்லாமல் 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம், 30 மீட்டரில் 20 நிமிடம்தான். போதாததற்கு, அந்த ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் சிலருக்கு லேசான போதை மாதிரி ஏறும், காற்றின் அளவைக் காட்டும் கேஜைப் பார்த்தும் எண் மனதில் பதியாது. உடம்பை அசையாமல் நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் இதையெல்லாம் கவனிக்க நிதானம் இருக்கும்.

பணம் கட்டும் முன் சென்டரில் கேளுங்கள்: எனக்குச் சொல்லித்தரப்போவது யார்? கூட எத்தனை பேர்? ஆழ டைவ் எந்த இடத்தில், எத்தனை மீட்டர்? படகில் அவசரத்துக்கு ஆக்ஸிஜன் இருக்கிறதா? பயிற்சியாளரின் பெயரைச் சொல்லாமல் “வந்து பாருங்க மேடம்” என்று மழுப்பினால் அடுத்த கடையைப் பாருங்கள். ஐந்து டைவையும் இரண்டே நாளில் முடிக்க விதி அனுமதிக்கிறது. ஆனாலும் மூன்று நாள் தருகிற இடத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை என்பது என் கருத்து. அப்புறம், கடைசி டைவுக்கும் சென்னை விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் இருக்க வேண்டும். போர்ட் பிளேருக்கு ஃபெர்ரி பதிவு செய்யும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

அட்வான்ஸ்டு முடித்தால் மட்டக்களப்பில் ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்கலாமா?
– வாசகர், கோவை

முடியாது தம்பி. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. உங்கள் அட்டைக்கு எல்லை 30. டீப் ஸ்பெஷாலிட்டி எடுத்தாலும் 40தான். அதற்குக் கீழே டெக்னிக்கல் டைவிங். நிறுத்தி நிறுத்தி ஏறுவது, வேறு வாயுக் கலவைகள், கூடுதல் சிலிண்டர்கள் என்று அது தனிப் படிப்பு. “நாங்கள் கூட்டிப்போகிறோம், மேல்தளத்தை மட்டும் தொட்டுவிட்டு வரலாம்” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள்.

அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாவுக்கு அருகே கிடக்கிறது. 24 மீட்டர்தான், உங்கள் அட்டைக்குள் அடங்கும். ரெக் டைவை (மூழ்கிய கப்பலைப் பார்க்கும் டைவ்) விருப்பப் பாடமாக எடுத்துவிட்டு, கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள். உள்ளே நுழையாமல் சுற்றிப் பார்த்தாலே ஒரு டைவ் போதாது.

என் மகனுக்கு 13 வயது, ஜூனியர் ஓபன் வாட்டர் வைத்திருக்கிறான். அட்வான்ஸ்டு சேர்க்கலாமா?
– வாசகி, சென்னை

12 வயதிலிருந்தே சேர்க்கிறார்கள், ஆழம் 21 மீட்டர் வரைதான். அவன் விருப்பத்தோடு கேட்கிறான் என்றால் சேருங்கள். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, காது, சைனஸ் பற்றிய கேள்விகளை மறைக்காமல் நிரப்புங்கள். ஒரே ஒரு ‘ஆம்’ விழுந்தாலும் டாக்டர் கையெழுத்து வாங்கிவிட்டே டிக்கெட் போடுங்கள்.