இறக்கத்தில் மினி டிராக்டர் வழுக்கி ஓடுவது ஏன்?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் மூன்று ஏக்கரில் கேரட், உருளைக்கிழங்கு போடுகிறேன். 24 குதிரைத்திறன் ஃபோர் வீல் மினி டிராக்டர் வைத்திருக்கிறேன், எடை 800 கிலோ. போன வாரம் டிரெய்லரில் சாணி உரம் ஏற்றிக்கொண்டு மண் பாதையில் இறங்கினேன். டிரெய்லரும் உரமும் சேர்ந்து ஒன்றரை டன் இருக்கும். பாதி வழியில் வண்டி வேகம் எடுக்கவே, கிளட்ச்சையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்தேன். பின்சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் மண்மேட்டில் முட்டியது. பிரேக்கில் கோளாறா?

பதில்: பின்சக்கரம் சுற்றாமல் நின்றது என்றால் பிரேக் வேலை செய்திருக்கிறது. டயருக்கு மண்ணில் பிடி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் வண்டி போன்ற மினி டிராக்டர்களில் பெரும்பாலும் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. இறக்கத்தில் எடை முன்பக்கம் சாய்வதால் பின்சக்கரம் லேசாகிவிடும். பிரேக் இருக்கும் சக்கரத்துக்கே பிடி குறைவது இப்படித்தான்.

பின்னாலிருந்து டிரெய்லர் எவ்வளவு தள்ளுகிறது என்பதையும் கணக்குப் பாருங்கள். 15 டிகிரி சரிவில் ஒன்றரை டன் பாரம் ஏறத்தாழ 390 கிலோ விசையோடு தள்ளும். டிராக்டரின் சொந்த எடை இன்னும் 200 கிலோ சேர்க்கும். ஆக 590 கிலோவை, மேலே 500 கிலோ எடை கூட இல்லாத இரண்டு பின்சக்கரங்கள் ஈரமண்ணில் பிடித்து நிறுத்த வேண்டும். அது நடக்காது. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால், பாரத்தோடு சேர்ந்த அதன் எடை இறக்கத்தில் டிராக்டர் எடையைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது 800 கிலோ. ஒரு நடைக்குப் பதில் இரண்டு மூன்று நடை ஆகும், ஆகட்டும்.

அடுத்தது ஃபோர் வீல், அதாவது எஞ்சின் விசையை நான்கு சக்கரத்துக்கும் கொடுக்கும் லீவர். ஏற்றத்துக்கு மட்டும் லீவரைப் போட்டுவிட்டு இறக்கத்தில் எடுத்துவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இறக்கத்தில்தான் அது அதிகம் தேவை. லீவரைப் போட்டதும் முன் பின் அச்சுகள் ஒரே தண்டில் இணைந்துவிடும். பின்சக்கரத்தில் போடும் பிரேக் அந்தத் தண்டு வழியாக முன்சக்கரத்தையும் பிடிக்கும். எஞ்சின் கொடுக்கும் தடையும் நான்கு சக்கரத்துக்கும் போகும். எடை முன்னால் போய் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் முன்சக்கரம் பிடிப்பதைப் போன்ற பாதுகாப்பு வேறில்லை. தட்டையான தார்ச்சாலைக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் முன் டயர் சீக்கிரம் தேயும்.

கிளட்ச்சை மிதித்தது பெரிய தவறு. அந்த நொடியே எஞ்சின் தடை அறுந்து, முழுப் பாரமும் பிரேக் தலையில் விழுந்துவிட்டது. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன் வண்டியை முழுவதும் நிறுத்தி, லோ ரேஞ்சில் (மெதுவான கியர் வரிசையில்) முதல் கியரோ இரண்டாவதோ போடுங்கள். ஃபோர் வீல் லீவரையும் அங்கேயே போட்டு, இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் மிதிகளையும் கொண்டி மாட்டி இணையுங்கள். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் திரும்பும், டிரெய்லர் மடங்கி டிராக்டரைக் குடை சாய்க்கும். கை ஆக்சிலேட்டரைக் குறைத்து, டிஃபரன்ஷியல் லாக்கை (இரு பின்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் பூட்டை) எடுத்துவிட்டு இறங்குங்கள். பாதி இறக்கத்தில் கியர் மாற்றப் போனால் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். இந்த வகைக் கியர்பெட்டியில் ஓடும் வண்டிக்கு மறுபடி கியர் விழுவது கடினம்.

அப்படியும் வழுக்கினால் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். நின்ற சக்கரம் மண்ணில் சறுக்கும், சுற்றும் சக்கரத்துக்குத்தான் பிடியும் ஸ்டீயரிங்கும் இருக்கும். வண்டியை நேராகக் கீழ்நோக்கி வைத்து, ஆக்சிலேட்டரைச் சற்றே கொடுத்தால் சக்கரம் வண்டியின் வேகத்துக்குச் சுற்றிப் பிடி மீளும். பிறகு பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். பின்னால் டிரெய்லருக்குப் பதில் கலப்பை இருந்தால், லிஃப்ட்டைக் கீழே விடுங்கள். கொழு மண்ணில் இறங்கி நங்கூரம் போல இழுக்கும்.

சரிவை அளக்க ஒரு மீட்டர் குச்சியும் ரசமட்டமும் போதும். குச்சியின் ஒரு முனையை மேட்டுப் பக்கத் தரையில் வைத்து மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் இடைவெளி 27 செ.மீ. என்றால் 15 டிகிரி, 18 செ.மீ. என்றால் 10 டிகிரி. 10 டிகிரிக்கு மேல் டிரெய்லர் வேண்டாம். 15 டிகிரிக்கு மேல் டிராக்டரே இறக்காதீர்கள். அங்கே பவர் வீடரும் (கையால் பிடித்து ஓட்டும் களையெடுக்கும் இயந்திரம்) மண்வெட்டியும்தான். காலைப் பனியில் நனைந்த புல், உதிர்ந்து கிடக்கும் சில்வர் ஓக் இலை, உருளும் சரளை இருந்தால் இந்த அளவையும் குறைத்துக்கொள்ளுங்கள். பனி காய்ந்த பிறகு வேலையைத் தொடங்கலாம்.

படிக்கட்டு நிலத்தில் ஓரம் இன்னொரு ஆபத்து. கீழ்ப் படி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால், ஓரத்திலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளியே சக்கரம் போக வேண்டும். மழைக்குப் பிறகு இன்னும் தள்ளி. முன் லோடர் வாளியில் பாரம் இருந்தால் ரிவர்ஸில் இறங்குங்கள், கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்தே இருக்கட்டும். வாளியோ ரோட்டவேட்டரோ தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் தூக்கியிருக்கக் கூடாது.

சீட் பெல்ட் பற்றியும் சொல்ல வேண்டும். இருக்கைக்குப் பின்னால் பாதுகாப்பு வளைவுச் சட்டம் இருந்தால் பெல்ட் கட்டாயம். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் போடாதீர்கள், கவிழ்ந்தால் வண்டிக்கு அடியில் கட்டிப்போட்டது போலாகிவிடும். மட்கார்டில் ஆள் உட்காரவே கூடாது.

சரிவில் நிறுத்த நேர்ந்தால், ஃபோர் வீல் போட்டபடியே கைபிரேக் இழுத்து, மூக்கு கீழே பார்த்தால் ரிவர்ஸ் கியரிலும் மேலே பார்த்தால் முதல் கியரிலும் எஞ்சினை அணையுங்கள். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் தனித்தனியாகச் சக்கரத்தில் கட்டை போட்ட பிறகே இரண்டையும் இணைக்கும் ஊக்கைக் கழற்றுங்கள்.

மண்மேட்டில் முட்டியதால் முன் அச்சையும் ஸ்டீயரிங் தண்டையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். அதோடு சமதளத்தில் மெதுவாக ஓட்டி, இணைத்த பிரேக்கை மிதித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் இரு மிதிகளின் தளர்வும் சமமாக இல்லை. அதைச் சரிசெய்யும்வரை அந்தப் பாதையில் இறங்க வேண்டாம்.