மைக்கை அழுத்தினால் செட் அணைகிறதா? வயரைப் பாருங்கள்

கேள்வி: வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம். தோட்ட ஆபீசோடு பேச, லைசென்ஸ் எடுத்து 25 வாட் விஎச்எஃப் வயர்லெஸ் செட் ஒன்றை பொலீரோ பிக்கப்பில் வைத்திருக்கிறோம். கரண்ட் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து. எதிர்முனையில் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. நாங்கள் மைக்கை அழுத்தினால் செட் அணைந்து மறுபடி எரிகிறது. வண்டி ஓடும்போது 'உய்ங்' என்ற இரைச்சல் வேறு. கம்பம் ஊர்க் கடையில் செட்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றணுமா?

பதில்: வேண்டாம். கேட்கும்போது இந்தச் செட் அரை ஆம்பியர் அளவுதான் இழுக்கும். பேசும்போது 6, 7 ஆம்பியர். கேட்பது நன்றாக இருந்து பேசும்போது மட்டும் படுத்துவிட்டால், கோளாறு பெரும்பாலும் கரண்ட் வரும் வழியில்தான்.

உறுதி செய்துகொள்ள ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓடவிட்டு, ஆன்டெனா மாட்டிய நிலையில், செட்டின் பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் அளவெடுங்கள். சும்மா இருக்கும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டும். இரண்டு விநாடி மைக்கை அழுத்திப் பாருங்கள். இவ்வகைச் செட்டுகள் 13.8 வோல்ட்டில் 15 சதவீதம் கூடக் குறைய தாங்கும், ஆகவே 11.7க்குக் கீழே முள் இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. லைட்டர் சாக்கெட்டுக்குப் போகும் வயர் மெல்லியது. போதாததற்கு உள்ளே ஸ்பிரிங் தொடுப்பு. தோட்டத்துக் குலுக்கலில் அது தளர்ந்துவிடும். பட்டன் அழுத்தியதும் வோல்ட்டேஜ் விழுகிறது, செட் அணைகிறது, இழுப்பு நின்றதும் வோல்ட்டேஜ் ஏறுகிறது, செட் எரிகிறது.

தீர்வு, பேட்டரியிலிருந்து தனி லைன். பேட்டரியிலிருந்து டாஷ்போர்டுக்கு 3 மீட்டர் என்றால் போக வர 6 மீட்டர். 1 சதுர மி.மீ. செம்பு வயரில் 7 ஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட் அதிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான். செம்பு பூசிய அலுமினிய வயரை விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள். நுனியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும்.

பாசிட்டிவ் லைனில் 15 ஆம்பியர் பியூஸ், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள். டாஷ்போர்டு பக்கம் வைத்தால் எளிதாக மாற்றலாம் என்று பல எலக்ட்ரீஷியன்கள் அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். அது தப்பு. இந்தப் பியூஸ் காப்பது செட்டை அல்ல, வயரை. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் உரசித் தோல் கிழிந்தால், பியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் முழுவதும் தீப்பிடிக்கக்கூடிய வயர். தகட்டு ஓட்டையில் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம் வேண்டும். எஞ்சின் பக்கம் நெளிகுழாய் உறையும் போடுங்கள். முனைகளில் லக் (உலோக வளையம்) வைத்து கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கருவியால் நசுக்கி இறுக்குங்கள். ஈயம் வைத்த வயர் அந்த இடத்தில் விறைத்து, குலுக்கலில் ஒடிந்துபோகும்.

நெகட்டிவில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பேட்டரி நெகட்டிவ் முனையில் நேரே மாட்டாதீர்கள்; பேட்டரியின் எர்த் கேபிள் பாடியில் முறுக்கியிருக்கும் இடத்தில், பெயின்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். ஏனென்றால் பேட்டரியின் எர்த் கேபிள் துருப்பிடித்து விட்டுப்போனால், ஸ்டார்ட் செய்யும்போது ஓடும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். உங்கள் நெகட்டிவ் வயர், செட்டின் உடல், ஆன்டெனா கேபிளின் வலை எல்லாம் அதற்கு வழியாகிவிடும். புது வண்டிகளில் நெகட்டிவ் முனையில் பேட்டரி சார்ஜைக் கணக்கிடும் சென்சார் இருந்தால் அதைத் தாண்டி மாட்டுவதும் கணக்கைக் கெடுக்கும்.

செட்டை அணைக்க டிரைவர் மறந்தால், அரை ஆம்பியர் வீதம் இரண்டு நாளில் 24 ஆம்பியர்-மணி போய்விடும். அதனால் நடுவில் ஒரு 30 ஆம்பியர் ரிலே (சாவி போட்டால் மட்டும் கரண்டை விடும் சுவிட்ச்) வையுங்கள். 30ஆம் முனைக்கு பியூஸ் வழியாக பேட்டரி, 87இலிருந்து செட், 86க்கு சாவி போட்டால் வரும் கரண்ட், 85 பாடி எர்த். வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். (24 வோல்ட் லாரிக்கு இதெல்லாம் பொருந்தாது, அதற்கு 12 வோல்ட்டாக இறக்கும் கன்வெர்ட்டர் தனியாக வேண்டும்.)

இரைச்சலுக்கு வருவோம். எஞ்சின் வேகம் கூடக்கூட 'உய்ங்' உயர்ந்தால் அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். ஆன்டெனா கேபிளைக் கழற்றிக் கேளுங்கள், மைக்கை மட்டும் தொடாதீர்கள். ஆன்டெனா இல்லாமல் அழுத்தினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகலாம். கழற்றியும் இரைச்சல் தொடர்ந்தால் பவர் வயர் வழியாக வருகிறது. தனி லைன் போட்டாலே பெரும்பாலும் தீரும். கழற்றியதும் நின்றுவிட்டால் ஆன்டெனா பிடிக்கிறது. அப்போது மலிவு யூஎஸ்பி சார்ஜரையும், பனிக்காக முன்னால் கட்டிய எல்இடி விளக்கையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பல சமயம் அவைதான் குற்றவாளி.

ஆன்டெனாவுக்குச் சரியான இடம் கேபின் கூரை நடு. 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கால் அலை நீளம் 50 செ.மீ.; கம்பியைக் கொஞ்சம் நீளமாகவே வாங்கி, எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் (செட் அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டுவது) பார்த்து மில்லிமீட்டர் கணக்கில் நறுக்குங்கள். எஸ்.டபிள்யூ.ஆர் 1.5க்குள் வந்தால் போதும். காந்த அடி ஆன்டெனா ஏலத்தோட்டத்து மரக்கிளையில் மாட்டி விழும்; துளையிட்டு மாட்டுவதே நிலைக்கும். கூரையில் வாஷர், சீலன்ட் சரியில்லாவிட்டால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை கேபிளுக்குள் இறங்கி, அடுத்த மாதமே எதிர்முனைக்கு உங்கள் குரல் மங்கும். கேபிளைக் கதவில் நசுங்கவிடாதீர்கள்.

இத்தனையும் செய்தும் கம்பம் மெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் பேச்சு அறுந்தால், மலை மறைக்கிறது என்று அர்த்தம். 50 வாட் செட் வாங்கிப் பயனில்லை; இரட்டிப்பு வாட்டுக்குக் கிடைப்பது சிக்னலில் சிறு ஏற்றமான 3 டெசிபெல்தான், அதற்கு லைசென்ஸிலும் மாற்றம் வேண்டியிருக்கும். ஆபீஸ் ஆன்டெனாவை உயரமான கம்பத்தில் ஏற்றுங்கள்.