மொட்டைமாடியில் மண் போட்டுப் புல் வளர்த்தால் வீட்டுக்கு 5 ஸ்டார் கிடைக்குமா?

கேள்வி: திருச்சியில் எங்களுக்கு மாடியுடன் கூடிய சொந்த வீடு. கட்டி இருபது வருடம் இருக்கும். கோடையில் மேல்மாடி அறையில் ராத்திரி பதினோரு மணிக்குக்கூட ஃபேன் காற்று அனலாக இறங்குகிறது. தட்டோட்டின் மேல் ஒரு கெமிக்கல் பூசி, 900 சதுர அடிக்கும் அரை அடி மண் போட்டுப் புல் வளர்த்தால் சூடு போய்விடும் என்கிறார் ஒரு கான்ட்ராக்டர். வீட்டுக்கு 5 ஸ்டார் சான்றிதழும் அவரே வாங்கித் தருவாராம், விற்கும்போது விலை கூடுமாம். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்கவே வேண்டாம்.

முதலில் எடையைப் பாருங்கள். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்கு, தளத்தின் சொந்த எடை போக, சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று வைத்துத்தான் இந்தியத் தர நிர்ணயப்படி வீடுகளைக் கட்டுகிறோம். சதுர அடிக்கு 14 கிலோ வரும். அரை அடி மண் மழையில் ஊறி நின்றால் சதுர அடிக்கு 25 கிலோ. நாளைக்கே தளம் விழுந்துவிடாது. மெல்லத் தொய்யும், விரிசல் விடும், அதில் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். கீழே சிமென்ட் பூச்சு பெயர்ந்து விழும்போதுதான் உங்களுக்கே தெரியவரும். அதற்குள் அந்த கான்ட்ராக்டரின் செல்போன் நம்பர் மாறியிருக்கும்.

அடுத்தது ஸ்டார். ஏசியில் ஒட்டியிருக்கும் ஸ்டார் வேறு, வீட்டுக்கான ஸ்டார் வேறு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், அதாவது பி.இ.இ., வீடுகளுக்கும் ஸ்டார் லேபிளைக் கொண்டுவந்திருக்கிறது. விருப்பம் இருந்தால் வாங்கலாம், கட்டாயமில்லை. ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்று, சுவர், ஜன்னல், கூரை எல்லாவற்றையும் வைத்துக் கணக்கிட்டுத் தருவது அது. மாடியில் புல் இருக்கிறதா என்று பார்த்துத் தருவதில்லை.

கூரைக்கு அவர்கள் பார்ப்பது சூடு எவ்வளவு ஊடுருவுகிறது என்ற எண்ணை. எண் சிறிதாக இருந்தால் நல்லது. 2018-ல் வந்த குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதி, 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா', கூரைக்கு 1.2-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. செங்கல் ஜல்லியும் தட்டோடும் போட்ட உங்கள் கூரை 2-க்குச் சற்று மேலே இருக்கும். அதன்மேல் அரை அடி ஈர மண்ணைச் சேர்த்தாலும் 1.2-க்கு இறங்காது, ஏனென்றால் ஈர மண் சூட்டை நன்றாகவே கடத்தும். செடி குளிர்ச்சி தருவது நிழலாலும், இலையிலிருந்து நீர் ஆவியாவதாலும். அது உண்மையான குளிர்ச்சிதான். ஆனால் தண்ணீர் ஊற்றும் வரைதான். உங்கள் மாடிக்குப் புல் என்றால் மே மாதத்தில் தினம் 400 லிட்டருக்குக் குறையாது. திருச்சியில் அந்த மாதத்தில் மோட்டார் போட்டு மேலே ஏற்றுவீர்களா?

சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று அலைகிறவர்களைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் போதாது. பளபளவென்று அச்சடித்து, மேலே இலைப் படம் போட்டு, ஐந்து நட்சத்திரம் வரைந்து கொடுப்பார்கள். கீழே கையெழுத்து அவர் கம்பெனியுடையதாகவே இருக்கும். லேபிள் வேண்டுமென்றால் விண்ணப்பம் பி.இ.இ.க்குப் போக வேண்டும். விலை கூடும் என்பதும் கதைதான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் யாரும் வீட்டுக்கு எத்தனை ஸ்டார் என்று கேட்பதில்லை, வழிகாட்டி மதிப்பும் அதனால் மாறுவதில்லை. முப்பதாயிரம் ரூபாய் ஏசிக்கு ஸ்டார் கட்டாயம். ஆயுள் முழுக்க கடன் கட்டி வாங்கும் வீட்டுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது! விதியை எழுதி வைத்துவிட்டு, வாங்குகிறவர் கண்ணில் படும்படி எதையும் செய்யாமல் விட்டதால்தான் இந்த இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

இதைப் படிக்கும் சிலருடைய வீடு மெட்ராஸ் டெரஸ் ஆக இருக்கலாம். தேக்கு உத்தரம், அதன்மேல் செங்குத்தாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்பு. அண்ணாந்து பார்த்தால் மர உத்தரங்கள் வரிசையாகத் தெரியும். அந்தக் கூரையில் மண் மட்டுமல்ல, ஒரே இடத்தில் பத்துத் தொட்டி வைப்பதுகூடக் கூடாது. ஈரம் இறங்கினால் உத்தரத்தின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. மேலே சிமென்ட் பூசி அடைப்பதும் தப்பு, உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்று கைப்பிடிச் சுவரோரம் இரண்டு இலை விட்டிருந்தால் இன்றைக்கே எடுங்கள். வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் பார்க்காமல் இந்தக் கூரையில் எதுவும் செய்யாதீர்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். பிப்ரவரியில் தட்டோட்டைத் தேய்த்துக் கழுவி, இடுக்குகளை அடைத்து, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கை அடியுங்கள். செலவு குறைவு, எடை இல்லை. தூசி படிந்தால் பலன் குறையும், அதனால் கோடையில் அவ்வப்போது கழுவ வேண்டும். ஒரு கோடை பார்த்துவிட்டு அடுத்ததை யோசிக்கலாம்.

தட்டோட்டை எப்படியும் மாற்ற வேண்டிய நிலை வந்தால், அப்போது ஜல்லியோடு கொத்தி எடுத்துவிட்டு, நீர்க்கசிவுத் தடுப்பு செய்து, அதன்மேல் 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். ஷீட் (சூட்டைத் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை), மெல்லிய கான்கிரீட், வெள்ளை டைல்ஸ் என்று போடச் சொல்லுங்கள். சூடு ஊடுருவும் அந்த எண் 0.5 பக்கம் வந்துவிடும், எடையும் முன்பைவிடக் குறையும். ஷீட் போடுவதற்கு முன் மழைநீர்க் குழாயை அடைத்துத் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட்டுக் கீழே கசிவு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இதைச் செய்யாமல் மூட அவசரப்படுகிறவருக்கு மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

செடி ஆசை இருந்தால் தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய குரோ பேக்குகளைச் சுவருக்கு நேர் மேலே வரும் இடங்களில், செங்கல் வைத்துத் தூக்கி, ஒரே வரிசையாக வையுங்கள். தளத்தின் நடுப்பகுதியைக் காலியாக விடுங்கள்.