மேலே போன காற்று காத்திருப்பதில்லை

கேள்வி: விமான இறக்கையின் மேற்பக்கம் வளைவு என்பதால் மேல்காற்றுக்குத் தூரம் அதிகம், கீழ்க்காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர அது வேகமாக ஓடுகிறது, அதனால் அழுத்தம் குறைந்து விமானம் எழும்புகிறது என்று டியூஷனில் சொன்னார்களாம். "அப்படின்னா சாகச விமானம் தலைகீழா எப்படிப் பறக்குது?" என்கிறாள் மகள். என்ன சொல்ல?
- வாசகி, தேனி

பதில்: சரியான இடத்தில் பிடித்துவிட்டாள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இருபது வருஷம் நானும் இதே கதையைத்தான் சொன்னேன். கரும்பலகையில் அந்தப் படம் அழகாக வரும், சந்தேகமே எழாது.

முன்விளிம்பில் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒன்றாகச் சேர்ந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹோல்கர் பாபின்ஸ்கி புகையை விட்டுவிட்டுச் செலுத்திப் படம்பிடித்தே காட்டினார்: மேலே போன புகை முந்திக்கொண்டு போய்விடுகிறது. மேல்காற்று வேகமானது, அங்கே அழுத்தம் குறைவு, இரண்டும் நிஜம். சொன்ன காரணம்தான் தப்பு.

சமையலறைக் குழாயைச் சீராகத் திறந்துவிடுங்கள். கரண்டிக் காம்பின் நுனியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, புடைத்த முதுகு நீரில் படும்படி தொங்கவிடச் சொல்லுங்கள். நீர் கரண்டியைத் தள்ளும் என்றுதான் நினைப்போம். அதுவோ நீருக்குள் இழுபடும்! நீர் முதுகோடு ஒட்டி வளைந்து ஒரு பக்கம் திரும்பி விழ, கரண்டி எதிர்ப்பக்கம் போகிறது. இறக்கையும் இப்படித்தான்: காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டு, தான் மேலே போகிறது. காற்று அப்படி வளைய வேண்டுமென்றால் இறக்கையை ஒட்டிய இடத்தில் அழுத்தம் குறைந்தாக வேண்டும். காற்றைத் திருப்புவதால் எழும்புகிறதா (நியூட்டன்), அழுத்த வித்தியாசத்தால் எழும்புகிறதா (பெர்னௌலி) என்று சண்டை போடத் தேவையில்லை.

தலைகீழாகப் பறக்கும்போதும் விமானி மூக்கைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பார். இறக்கை சாய்வாகக் காற்றைச் சந்தித்தால் போதும். சாய்வு ஏறக்குறைய 15 டிகிரியைத் தாண்டினால் காற்று இறக்கையை விட்டுப் பிய்ந்துவிடும், தூக்கும் விசை சரியும். அதுதான் 'ஸ்டால்'.

ஒரு கணக்கு. ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானம் முழுச் சுமையோடு சுமார் 78 டன், இறக்கைப் பரப்பு சுமார் 122 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 640 கிலோ. தரைமட்டத்தில் காற்று சதுர மீட்டருக்குப் பத்து டன் அழுத்துகிறது. ஆக, மேலுக்கும் கீழுக்கும் நூற்றுக்கு ஆறு பங்கு வித்தியாசமே போதும்.

அப்புறம் ஏன் அந்த வளைவு என்று அடுத்து கேட்பாள். தட்டையான அட்டையும் பறக்கும். ஆனால் காற்றின் இழுவை அதிகம், எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது.