கேபின் என் பக்கம் சாயுது, அண்ணே

கேள்வி: அண்ணே, என்னுடையது 2010-ல் பதிவான ஜப்பான் லாரி. 2020-ல் சிஓஇ-யை (சிங்கப்பூரில் வாகனம் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) 10 வருடத்துக்குப் புதுப்பித்தேன். சில மாதங்களாக கேபின் ஓட்டுநர் பக்கமாகச் சாய்ந்தே நிற்கிறது. துவாஸுக்குப் போய்த் திரும்பினால் இடுப்பு விட்டுப் போகிறது. கேபினுக்குப் பின்னால் இருக்கும் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிவிட்டேன், சாய்வு அப்படியே இருக்கிறது. ஒருவர் ஸ்பிரிங் என்கிறார், இன்னொருவர் கேபினைத் தாங்கும் மவுண்டிங் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார். எதைச் செய்வது?
– லாரி ஓட்டும் வாசகர், சுவா சூ காங்

பதில்: தம்பி, ஷாக் அப்சார்பர் கேபினைத் தூக்கிப் பிடிப்பதில்லை. ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை. எடையைத் தாங்குவது ரப்பர், ஸ்பிரிங் அல்லது ஏர் பேக், அதாவது காற்றடைத்த ரப்பர் பை. ஷாக்கோடு ஸ்பிரிங்கும் சேர்ந்தே வரும் வகை என்றால் கதை வேறு. உங்களுடையது தனி ஷாக் என்றால் அந்தச் செலவால் சாய்வு போயிருக்காது. இனி அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

சாலையோரத்தில் அளக்க வேண்டாம், தண்ணீர் வடிய அங்கே சரிவு இருக்கும். சமமான சிமெண்ட் தரையில் லாரியை நிறுத்துங்கள். சரக்கு இல்லாமல், இரண்டு முன்டயரிலும் ஒரே காற்று இருக்கட்டும். முதலில் தரையிலிருந்து சேசிஸ் (லாரியின் அடிச்சட்டம்) வரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். அங்கேயே வித்தியாசம் வந்தால் குற்றம் கேபினில் இல்லை, முன் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு இலை உடைந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சேசிஸ் சமமாக இருந்தால், சேசிஸிலிருந்து கேபின் அடிப்பாகம் வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எந்த மூலை இறங்கியிருக்கிறதோ அங்கே போய்ப் பாருங்கள்.

முன் மூலை என்றால், எஞ்சினைப் பார்க்கக் கேபினை முன்னால் சாய்க்கும் கீல் இருக்கிறதே, அதன் உள்ளே உள்ள ரப்பர் வளையம், அதாவது புஷ். நடுவில் இருக்க வேண்டிய இரும்புக் குழாய் ஓரமாக ஒதுங்கியிருக்கும், சுற்றிலும் ரப்பர் தூளும் துருப்பொடியும் கிடக்கும். பிரேக் பிடித்தால் முன்னால் ‘டொக்’கென்று ஒரு சத்தம் வரும்.

பின் மூலை என்றால் எந்த வகை என்று பாருங்கள். ரப்பர் நசுங்கும், எண்ணெய் பட்டு ஊதியும் போகும். கம்பிச் சுருள் ஸ்பிரிங் பெரும்பாலும் கடைசிச் சுற்றில்தான் உடையும். உடைந்த துண்டு ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்குள் ஒளிந்திருக்கும், டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஏர் பேக் என்றால், காலையில் இறங்கியிருந்து காற்று ஏறியதும் நிமிர்கிறதா என்று கவனியுங்கள். நிமிர்ந்தால் எங்கோ கசிகிறது, சோப்பு நீர் போட்டால் குமிழி காட்டிக் கொடுக்கும். கசிவு இல்லையென்றால் உயரத்துக்கு ஏற்பக் காற்றை அளந்துவிடும் லெவலிங் வால்வின் சின்னக் கம்பி வளைந்தோ கழன்றோ இருக்கலாம்.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை துரு. ஓட்டுநர் பக்கத்துத் தரைவிரிப்பைத் தூக்கி, மவுண்டிங் உட்காரும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் மழைநீர் அங்கேதான் தேங்குகிறது. தகடு பொத்துப் போயிருந்தால் எவ்வளவு புது ரப்பர் போட்டாலும் பயனில்லை, முதலில் வெல்டிங்.

சுங்கை காடுட்டில் நான் வேலை பார்த்தபோது ஒரு லாரி வந்தது. முன்பு பார்த்த பட்டறையில் நசுங்கிய ரப்பருக்குக் கீழே கன்வேயர் பெல்ட்டை வெட்டி அடுக்கி விட்டிருந்தார்கள். கேபின் நிமிர்ந்து அழகாகத்தான் நின்றது. ஆனால் உயரம் மாறியதில் கேபினைப் பூட்டிவைக்கும் பின் லாட்ச் பாதிதான் கவ்வியிருந்தது! அந்த மனிதர் அப்படியே பல வாரம் ஓட்டியிருக்கிறார். பலமாக பிரேக் பிடித்த நேரத்தில் லாட்ச் விட்டிருந்தால் கேபின் முன்னால் கவிழ்ந்திருக்கும். அந்த வேலையை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. தயவுசெய்து வாஷர், பெல்ட், மரத்துண்டு எதையும் அடியில் வைத்து நிமிர்த்த விடாதீர்கள்.

மாற்றும்போது இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். புதியதும் பழையதும் சேர்ந்தால் சாய்வு மறுபக்கம் போகும். புஷ் போல்ட்டைக் கேபின் தூக்கியிருக்கும்போது முழுதாக முறுக்கக் கூடாது. கேபினை இறக்கி, எடை உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். அப்புறம் லாட்ச் முழுதாகக் கவ்வுகிறதா, கியர் எல்லா நிலையிலும் விழுகிறதா, ஸ்டீயரிங் தண்டும் கிளட்ச் ஹோஸும் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள்.

கேபினைச் சாய்த்தால் தாங்குகம்பியின் பூட்டு விழாமல் தலையை உள்ளே நீட்டாதீர்கள். சாய்க்கும் ஹைட்ராலிக்கை மட்டும் நம்பக் கூடாது. ஏர் குழாயைக் கழற்றுவதாக இருந்தால் காற்றை முழுதாக இறக்கிவிட்டுக் கழற்றுங்கள்.

10 வருடம் தாண்டிய லாரி என்பதால் 6 மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்ஷன் வரும், அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே டேப்பை எடுங்கள். நான்கு மூலை அளவையும், எந்த வகை மவுண்டிங் என்பதையும் எழுதி அனுப்பினால் எந்தப் பாகத்தை வாங்குவது என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.