வயிற்றிலேயே குழந்தை இறப்பதைத் தடுத்தலும் இழந்த பெற்றோரைக் கவனித்தலும்: கேள்வி பதில்

மகப்பேறு மருத்துவராகவும் குழந்தையை இழந்த பெற்றோருக்கு ஆலோசனை சொல்பவராகவும் பணியாற்றுகிறேன். அந்த அளவில் பதில் எழுதுகிறேன். குழந்தையின் அசைவு குறைந்திருப்பதாக இப்போது உணரும் எவரும் என் பதிலுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

கேள்வி: குழந்தை இறந்தே பிறப்பதைத் தடுக்க முடியுமா, அல்லது விதி என்று ஏற்க வேண்டியதுதானா?

விதி என்று சொல்லி முடித்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. 28 வாரங்கள் நிறைந்த பிறகு நேரும் இறப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 19 இலட்சம் குழந்தைகள் இப்படி இறக்கின்றன. அவற்றில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவை பிரசவ வலி தொடங்கியபோது உயிரோடு இருந்தவை. வலியின்போது குழந்தையின் இதயத் துடிப்பை விடாமல் கவனித்து, அது தடுமாறினால் தாமதிக்காமல் அறுவைச் சிகிச்சை செய்யும் வசதி இருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்ற முடியும். வலிக்கு முன்பே நேரும் இறப்புகளில் நஞ்சுக்கொடி சரியாக இயங்காததால் வரும் வளர்ச்சிக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், கட்டுப்படாத சர்க்கரை, தொற்று, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல், நாள் கடந்தும் பிரசவம் ஆகாமை ஆகியவை முக்கியக் காரணங்கள். சிபிலிஸ் தொற்றை முதல் வருகையிலேயே இரத்தப் பரிசோதனையில் கண்டு பெனிசிலின் ஊசி போட்டால் அதனால் வரும் இறப்பைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். கர்ப்ப காலத்தில் குறைந்தது எட்டு முறை மருத்துவப் பணியாளரைச் சந்திக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்ததன் நோக்கமும் இவற்றை முன்கூட்டியே கண்டுகொள்வதுதான். எவ்வளவு தேடியும் காரணம் தெரியாத இறப்புகளும் உண்டு. அங்கே தாயின் மீது பழி சுமத்த எவருக்கும் இடமில்லை.

கேள்வி: 32 வாரம். ஒரு நாளைக்கு எத்தனை உதை வேண்டும்?

எல்லாருக்கும் பொருந்தும் எண் எதுவும் இல்லை. உங்கள் குழந்தைக்கென்று ஒரு வழக்கம் இருக்கும்: சாப்பிட்ட பிறகு புரளும், இரவு நீங்கள் படுத்ததும் உதைக்கும், சில நேரம் உறங்கும். அந்த வழக்கம் மாறுவதே கவனிக்க வேண்டிய அடையாளம். கடைசி மாதத்தில் இடம் போதாமல் அசைவு குறைந்துவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அசைவின் தன்மை மாறலாம், ஆனால் வலி வரும்வரை குழந்தை அசைந்துகொண்டேதான் இருக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து நடந்து 2018-இல் வெளியான ஆய்வு, அசைவைக் கவனிக்கும்படி தாய்மார்களுக்குச் சொல்லி அதற்கேற்பச் சிகிச்சை முறையை அமைத்தும் இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றது. அசைவைக் கவனிப்பது மட்டுமே போதும் என்று எவரும் நினைக்கக் கூடாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. அசைவு குறைந்தது என்று ஒரு தாய் வந்து சொன்னால் அன்றே பரிசோதிக்கும் கடமை எங்களுக்கு அப்படியேதான் இருக்கிறது.

கேள்வி: வீட்டிலேயே துடிப்பைக் கேட்கும் கருவி வாங்கலாமா?

வேண்டாம். பழக்கமில்லாத காதுக்குத் தாயின் நாடித் துடிப்பும் நஞ்சுக்கொடியில் இரத்தம் பாயும் ஓசையும் குழந்தையின் துடிப்பு போலவே கேட்கும். குழந்தையின் துடிப்பே கேட்டாலும், அது அந்த நிமிடத்தில் உயிரோடு இருப்பதை மட்டுமே சொல்லும். நலமாக இருக்கிறதா என்பதைச் சொல்லாது. துடிப்பு கேட்கிறதே என்று காலை வரை காத்திருப்பதுதான் ஆபத்து.

கேள்வி: மல்லாந்து படுத்தால் ஆபத்து என்கிறார்களே?

28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுத்து உறங்கத் தொடங்குங்கள். இடமோ வலமோ, எதுவானாலும் சரி. மல்லாந்து படுக்கும்போது கருப்பையின் கனம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய சிரையை அழுத்துவதால் குழந்தைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 2019-இல் வெளியான பகுப்பாய்வில், மல்லாந்து உறங்கச் சென்றவர்களிடம் இறப்புக்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.6 மடங்காக இருந்தது. நடு இரவில் மல்லாந்திருப்பதை உணர்ந்தால் பதறாமல் திரும்பிப் படுத்தால் போதும்.

கேள்வி: குளிர்ந்த பழச்சாறு குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பார்க்கலாமா?

அசைவு குறைந்தது என்று தெரிந்த பிறகு எதையும் குடித்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: கைபேசிச் செயலியில் துடிப்பைக் கேட்கலாம் என்கிறார்கள். அதுவாவது சரியா?

கருவிக்குச் சொன்ன பதிலேதான் இதற்கும். தயவுசெய்து இதையே மீண்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: 34 வாரம். தடிப்பு எதுவும் இல்லை, ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தாங்க முடியாமல் அரிக்கின்றன.

நாளைக்கென்று தள்ளிப்போடாமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள். கல்லீரலில் பித்த ஓட்டம் தடைப்படுவதால் இவ்வகை அரிப்பு வரலாம். இரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவைப் பார்க்க வேண்டும். அது லிட்டருக்கு 100 மைக்ரோமோல் அளவை எட்டினால் குழந்தை இறக்கும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது, அப்போது பிரசவத்தை முன்கூட்டியே திட்டமிடுவார்கள்.

கேள்வி (பிரசவ அறைச் செவிலியர்): இறந்த குழந்தையைத் துணியில் சுற்றி உடனே உறவினரிடம் கொடுத்துவிடுகிறோம். தாய்க்குக் காட்ட வேண்டுமா?

தாயைக் கேட்க வேண்டும். அவருடைய கணவரையோ மாமியாரையோ கேட்டு அவருக்காக முடிவெடுப்பது தவறு. கேட்கும் முன் குழந்தை எப்படி இருக்கும் என்று மெதுவாகச் சொல்லுங்கள்: தோல் சில இடங்களில் உரிந்திருக்கலாம், உதடு கருத்திருக்கலாம், உடல் குளிர்ந்திருக்கும். பிறகு குழந்தையைத் துடைத்து, உடுத்தி, உயிருள்ள குழந்தையைத் தூக்குவது போலவே தலையைத் தாங்கிக் கொண்டுவாருங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல், சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். அனுமதி பெற்றுக் காலடித் தடமும் ஒரு புகைப்படமும் எடுத்து வைக்கலாம். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள். பச்சிளங்குழந்தைகளின் அழுகை கேட்காத அறையில் தாயைத் தங்கவைத்து, விவரம் தெரியாத ஊழியர் உள்ளே வந்து ஆணா பெண்ணா என்று கேட்டுவிடாதபடி கதவில் ஓர் அடையாளம் வையுங்கள்.

மறுப்பு (மூத்த வாசகி): நானும் இழந்தவள். எனக்குக் காட்டவில்லை, அதனால்தான் மறக்க முடிந்தது. இந்தக் காலத்து மருத்துவர்கள் புண்ணைக் கிளறுகிறீர்கள்.

அம்மா, உங்கள் இழப்பையும் உங்கள் அனுபவத்தையும் நான் மறுக்கவில்லை. பார்க்காமல் இருப்பதே சிலருக்கு நல்லது. அவர்களைப் பார்க்கவைக்க எனக்கும் உரிமையில்லை. ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு அன்று பார்க்கிறாயா என்ற கேள்வியே கேட்கப்படவில்லை. முகம் எப்படி இருந்தது, எங்கே புதைத்தார்கள் என்று முதுமையிலும் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்கள் என்னிடம் வருகிறார்கள்.

தொடர்ச்சி (மருத்துவ மாணவர்): குழந்தையைத் தொட்டுத் தூக்கிய தாய்களுக்கே மனச்சோர்வு அதிகம் என்று ஆய்வு இருக்கிறதே?

லான்செட் இதழில் 2002-இல் வந்த ஆய்வைச் சொல்கிறீர்கள். அது 65 தாய்களை மட்டும் அடுத்த கர்ப்பத்தின்போது பார்த்தது, சிறிய ஆய்வு. 1996-இல் பிஎம்ஜே இதழில் வந்த, 314 தாய்களைக் கொண்ட ஸ்வீடன் ஆய்வில் விரும்பிய நேரம் வரை குழந்தையோடு இருக்க முடியாதவர்களே அதிகம் துன்பப்பட்டார்கள். குழந்தை இறந்தது தெரிந்த பிறகு ஒரு நாளுக்கும் மேலாகப் பிரசவம் தொடங்காமல் காத்திருக்க நேர்ந்தவர்களிடம் பதற்றம் கூடியதையும் அந்த ஆய்வு கண்டது. எல்லாருக்கும் காட்டு, எவருக்கும் காட்டாதே என்ற இரண்டு கட்டளைகளுமே தாயைக் கேட்காமல் எடுக்கப்படுபவை. இந்த விவாதத்துக்கு வந்த மற்ற மறுமொழிகள் இதையே திரும்பச் சொல்வதால் அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

கேள்வி: என் தங்கைக்கு மூன்றாம் நாள் பால் கட்டிவிட்டது. யாரும் முன்பே சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும், பெரிய குறை அது. இரண்டு முதல் நான்கு நாள்களில் பால் சுரப்பது இயல்பு. தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, குளிர் ஒத்தடம், வலி மாத்திரை ஆகியவை உதவும். அழுத்தம் தாங்காதபோது மட்டும் சிறிது பீய்ச்சிவிடலாம். பாலை நிறுத்த மாத்திரையும் உண்டு, ஆனால் உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு அதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. காய்ச்சலோ சிவப்போ வந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: இறப்பைப் பதிவு செய்வது எப்படி?

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும்; மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி: உறவினர்களாகிய நாங்கள் என்ன சொல்லலாம்?

இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். குழந்தையின் பெயரைக் கேளுங்கள். தந்தையிடமும் எப்படி இருக்கிறாய் என்று தனியாகக் கேளுங்கள். மனைவியைப் பார்த்துக்கொள் என்று மட்டுமே அவரிடம் எல்லாரும் சொல்கிறார்கள்.

கேள்வி: அடுத்த கர்ப்பத்துக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? மறுபடியும் நடக்குமா?

ஃபின்லாந்து, நார்வே, மேற்கு ஆஸ்திரேலியா ஆகியவற்றின் பதிவுகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு, ஓராண்டுக்குள் மீண்டும் கருத்தரித்தவர்களுக்கு அதனால் ஆபத்து கூடவில்லை என்றது. எனவே உடலும் மனமும் எப்போது தயார் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். மறுபடி நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம் என்பது உண்மை. ஆனாலும் பெரும்பாலானவர்கள் அடுத்த முறை உயிருள்ள குழந்தையையே பெறுகிறார்கள். சென்ற முறை நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு அந்த அறிக்கையை வாங்கி வையுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க மிகவும் உதவும் பரிசோதனைகளில் அது ஒன்று. உயர் இரத்த அழுத்தம் காரணமாக இருந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தின் 12-ஆம் வாரத்திலிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். அதனால் கருவுற்றது உறுதியானதும் அந்த அறிக்கையோடு அவரைப் பாருங்கள்.