பேடிலை இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடுமா?

கேள்வி: 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். ஆறு கியர் டி.எஸ்.ஜி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). வால்பாறை ஏறும்போது ஸ்டியரிங்கில் இருக்கும் பேடிலை இழுத்து நானே கியர் மாற்றுகிறேன். ‘ஆட்டோமேட்டிக்கில் கை வைத்தால் கியர்பாக்ஸ் போய்விடும்’ என்று அப்பா திட்டுகிறார். சில நேரம் இழுத்தாலும் கியர் உடனே இறங்குவதில்லை. கெட ஆரம்பித்துவிட்டதா?
- வாசகர் ஒருவர், பொள்ளாச்சி

பதில்: நீங்கள் சொல்வதை மட்டும் வைத்துப் பார்த்தால் கோளாறு மாதிரி தெரியவில்லை, தம்பி. பேடிலை இழுப்பது கியர்பாக்ஸிடம் கேட்பதுதான். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர். 120-ல் போகும்போது இரண்டாம் கியர் கேட்டால் இன்ஜின் எல்லை மீறிச் சுற்றும். அதனால் கொடுக்காது.

தாமதத்துக்குக் காரணம் வேறு. உங்கள் கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து ஒரு கிளட்சில். இரண்டு, நான்கு, ஆறு இன்னொன்றில். மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போனால், ‘அடுத்து நான்குதான்’ என்று அது முன்கூட்டியே நான்கைப் போட்டு வைத்திருக்கும். அந்த நேரத்தில் இரண்டு கேட்டால், நான்கைக் கழற்றி இரண்டைப் போட வேண்டும். அந்தத் தயக்கம்தான் உங்கள் விரலுக்குத் தெரிகிறது. வளைவுக்கு முன்பே பிரேக் பிடியுங்கள். வேகம் குறைவதைப் பார்த்து அது இரண்டைத் தயாராக வைக்கும். அப்புறம் இழுங்கள், டக்கென்று விழும். கியர் விழுந்த பிறகு ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்.

ஏறும்போது 6,000 ஆர்.பி.எம். வரை இழுக்க வேண்டியதே இல்லை. உங்கள் இன்ஜினின் 350 என்.எம். டார்க், அதாவது முழு இழுவிசை, 1,500-லேயே வந்துவிடுகிறது.

இறங்கும்போதுதான் பேடிலின் அருமை தெரியும். 25 வருஷமாக கியர்பாக்ஸ் பிரிக்கிறவன் நான். ஆனாலும் ஒருமுறை குடும்பத்தோடு வால்பாறையிலிருந்து கியரைத் தொடாமல், முழுக்க ‘டி’ என்ற ஆட்டோமேட்டிக் நிலையிலேயே இறங்கினேன். சரிவில் காலை எடுத்ததும் வண்டி மேல் கியருக்குப் போகும், நான் பிரேக்கை மிதிப்பேன். மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு இப்படியே. கீழிருந்து எண்ணினால் ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பக்கம், பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. முன் சக்கரத்திலிருந்து கருகிய வாசனை, மெல்லிய புகை. ஓரமாக நிறுத்தி, பேட் ஆறும் வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பிள்ளைகள் பாறை மேல் நின்ற வரையாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. அன்றிலிருந்து இறக்கம் என்றால் இரண்டு அல்லது மூன்றில் வைத்து இன்ஜினையே பிடிக்க விடுகிறேன். பிரேக் வளைவுக்கு மட்டும்.

அப்பா பயப்படுவதிலும் நியாயம் உண்டு. கியர்பாக்ஸைக் கெடுக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது பேடில் இல்லை. எதிரே பஸ் இறங்குகிறது, நீங்கள் ஏற்றத்தில் நிற்கிறீர்கள். அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்தே வண்டியைப் பின்னால் போகாமல் நிறுத்தினால், கிளட்ச் வழுக்கி வழுக்கிச் சூடாகும். ஆயிலில் ஊறிய கிளட்ச் என்பதால் கொஞ்சம் தாங்கும், எப்போதும் தாங்காது.

அந்த ஆயிலையும் ஃபில்டரையும் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய சர்வீஸ் பில்லில் அது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால், அடுத்த முறை ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.